வண்டி ஓடுமா, ஓடலாமா? – யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் பற்றி ஒரு குறிப்பு

இங்கிலாந்தில் வாழும் எம்மவரிடம் எம்.ஓ.ரி. என்று சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது. புதிய கார் வாங்கி மூன்று ஆண்டுகள் நிறைந்ததும், அதன்பின் ஆண்டுக்கொரு முறையும், அனுமதி பெற்ற ஒரு கராஜைத் தேடிப்பிடித்து வண்டியைக் காட்டியாக வேண்டும். ஜேர்மனியில் இருப்பவருக்கு இது தூஃப். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பழைய வாகனம் கைமாறும் வேளையில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பெயர்தான் வேறு, கேள்வி ஒன்றே: இந்த வண்டி பாதையில் ஓடத் தகுதியானதா?

இதே எம்மவர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வானை வாடகைக்கு அமர்த்துகிறார். குளிரூட்டி வேலை செய்கிறதா, ஒரு நாளுக்கு எவ்வளவு, சாரதிக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று கேட்கிறார். இந்த வண்டி கடைசியாக எப்போது, எந்தக் கராஜில் பார்க்கப்பட்டது என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அங்கே சட்டத்துக்குப் பயந்து கேட்கும் கேள்வியை இங்கே நாம் ஏன் கேட்பதில்லை? இதற்கு விடை தேடினால் யாழ்ப்பாணத்தின் கடந்த எழுபது, எண்பது ஆண்டு வரலாற்றின் ஒரு பகுதியையே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடல்நீரேரியைத் தொட்டபடி இருப்பது கொழும்புத்துறை. யோகர் சுவாமிகளின் குடில் இருந்த ஊர் என்றால் பலருக்கு உடனே விளங்கும். இங்கே லொறி வைத்திருக்கும் ஒருவர் இன்று என்ன செய்ய வேண்டும்? காப்புறுதி எடுக்க வேண்டும். புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஒரு கராஜில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். இவை யாவும் கையில் வந்த பிறகே பிரதேச செயலகத்தில் அவ்வாண்டுக்கான வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பஸ்ஸுக்கும் இதே ஒழுங்குதான். சொந்தப் பாவனைக்கான காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தகுதிச் சான்றிதழ் தேவையில்லை, காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் போதும்.

ஆகவே இந்த வரிசையில் வண்டியின் உடல்நலத்தைப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று, அது கராஜ். புகைப் பரிசோதனை நிலையத்தார் பெற்றோல் வண்டியில் காபன் மொனொக்சைட், ஐதரோகாபன் அளவையும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியையும் அளப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா என்பது அவர்கள் வேலையல்ல. காப்புறுதி நிறுவனம் பணத்தைப் பார்க்கிறது. பிரதேச செயலகம் தாளைப் பார்க்கிறது. வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்கக் கடமைப்பட்டவர் கராஜ்காரர் மட்டுமே.

அவரிடம் இரண்டு வகையான கேள்விகளோடு மக்கள் வருகிறார்கள். ஒன்று, "இது ஓடுமா?" மற்றது, "இது ஓடலாமா?" முதலாவது எஞ்சினைப் பற்றியது. இரண்டாவது பாதையில் எதிரே வருபவரையும், வண்டிக்குள் இருப்பவரையும் பற்றியது. எங்கள் ஊர்க் கராஜ்களின் வரலாறு இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் ஓடிய வரலாறு என்றே எனக்குப் படுகிறது.

துறையில் இருந்த வழக்கம்

கொழும்புத்துறை என்ற பெயரிலேயே துறை இருக்கிறது. நீரேரியின் மறுகரை பூநகரி. தரைவழி வசதியாக அமையாத காலத்தில் ஆட்களும் பொருள்களும் இந்த நீரைக் கடந்தே போய் வந்தன. மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே ஓடத் தகுதியைப் பார்க்கும் வழக்கம் இக்கரையில் இருந்தது. பலகைத் தோணியைக் கரையில் ஏற்றி, பொருத்துகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசி அடைப்பதைக் கலப்பத்துப் பார்த்தல் என்பார்கள். கலப்பத்துச் சரியாகப் பார்க்கப்படாவிட்டால் நடுநீரில் தோணிக்குள் தண்ணீர் ஏறும்.

இதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு காவல் இருந்தது. கலப்பத்துப் பார்த்தவரும் அதே கரையில்தான் வாழ்ந்தார். தோணியில் போனவர் அவருடைய அயலவர் அல்லது உறவினர். வேலையில் பிசகு நேர்ந்தால் மறுநாள் காலையில் அந்த வீட்டின் முன்னால் நடந்துதான் அவர் கடற்கரைக்குப் போக வேண்டும். எழுத்தில் இல்லாத இந்தப் பொறுப்பு பின்னர் மோட்டார்க் காலத்துக்கும் தொடர்ந்தது.

சட்டம் வந்த கதை

மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எண்ணிக்கை பெருகப் பெருகச் சட்டமும் வளர்ந்தது. 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார் வாகனக் கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு, சுதந்திரத்தின் பின் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே. வாகனப் பதிவு, சாரதி அனுமதி, காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், மோட்டார் வாகனப் பரிசோதகர் என்ற பதவி ஆகிய எல்லாம் அதன் கீழ் வருகின்றன. ஜேர்மனியில் வாகனங்களின் காலமுறைப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டதும் அதே 1951 ஆம் ஆண்டில்தான். சட்டத்தைப் பொறுத்தவரை நாம் பின்தங்கியவர்களாகத் தொடங்கவில்லை.

1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. பஸ்களின் உடல்நலம் அதன்பின் டிப்போக்களின் பொறுப்பாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு அது கோண்டாவில் சாலை. அங்கே வேலை பழகிய பலருடைய கைத்திறன் பின்னாளில் ஊர்க் கராஜ்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில்தான் ஒரு வாகனம் வடக்கில் ஓடலாமா என்ற கேள்வி இயந்திரத்தை விட்டு எழுத்துக்குத் தாவியது. வாகன இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பொறிக்கும் முறைக்கு எதிராக 1957 இன் தொடக்கத்தில் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியது. அவ்வாண்டு ஜூலை 26 இல் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் எதிர்ப்பு ஓய்ந்தது. 1958 இல் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் சிங்கள ஸ்ரீ தகட்டோடு வடக்கே அனுப்பப்பட்டபோது அது மீண்டும் கிளம்பியது. தார் பூசி எழுத்து அழிக்கப்பட்டது. ஏப்ரல் 9 இல் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் நாடு எரிந்தது. அந்தத் தகராறின் நியாயங்கள் வேறு கட்டுரைக்குரியவை. இங்கே குறிக்க வேண்டியது, ஒரு தலைமுறைத் தமிழருக்கு மோட்டார் திணைக்களத்தின் தாளும் தகடும் பாதுகாப்பின் அடையாளமாகத் தோன்றவில்லை என்பதே. அது அரசின் அடையாளமாகத் தோன்றியது. தாளை வேறாகவும் மெக்கானிக்கின் வார்த்தையை வேறாகவும் பார்க்கும் மனப்பான்மைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இன்னொரு காரணம் பொருளாதாரம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை பெருமளவில் புதிய வண்டி வரவில்லை. ஆகவே 1950களின் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் கார்களே யாழ்ப்பாணத்து வீதிகளில் நிலைத்தன. ஷெவர்லே லொறிச் சட்டத்தின் மேல் மரத்தால் உடல் கட்டி, பின்புறத்தில் மூட்டை ஏற்றத் தட்டி வைத்த தட்டிவான்கள் கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கம் சந்தைக்காரரைச் சுமந்தன. புதிதாக வாங்க வழியில்லாத ஊரில் பழுது பார்ப்பவரே வண்டி செய்பவராகிறார். லேத் பட்டறையில் உதிரிப்பாகம் கடைந்து, ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தி, உற்பத்தியாளரே மறந்துவிட்ட கார்களை எங்கள் மெக்கானிக்குகள் ஓட வைத்தார்கள்.

1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டு மினிபஸ் காலம் வந்தபோது, பராமரிப்பின் சுமை டிப்போவிலிருந்து மறுபடியும் ஊர்க் கராஜுக்கு மாறியது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் உட்படப் பல பொருள்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் தடை வந்தது. லக்சபான மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டின் மோட்டார் வண்டிகள் அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடின. இதை இன்றைய இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினை அதனால் கிளப்ப முடியாது. எனவே ஒரு சிறு போத்தலில் பொன்னைப் போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றறி இல்லாத வண்டியைத் தள்ளியோ கைபிடியால் சுழற்றியோ இயக்குவார்கள். பழைய கார்கள் இதற்கு ஈடு கொடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஏ 40 போன்ற எஞ்சின்களில் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7 தான். அழுத்தம் கூடிய பிற்கால எஞ்சின்களில் மண்ணெண்ணெய் விட்டால் தட்டும் ஓசை எழும், எஞ்சின் விரைவில் கெடும். நாற்பது ஆண்டுப் பழமை ஒரு குறையாக இல்லாமல் தகுதியாக மாறிய விந்தை அது.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். புகை கண்ணை எரிக்கும். புதிய பிரேக் லைனிங், புதிய ரயர் ஆகியவை கிடைப்பது அரிது. இந்த நிலையில் பிள்ளைப்பேற்றுக்கோ காயக்காரரைக் கொண்டுபோகவோ யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கார் தேவைப்பட்டால், அந்தக் காரின் தகுதியை யார் சொல்வது? திணைக்களத்தின் ஒழுங்குகள் இயங்க முடியாத காலம். சொன்னவர் சந்திக் கராஜின் மெக்கானிக்.

அவர்களுடைய பேச்சு அநேகமாக இந்த மாதிரித்தான் இருக்கும்: "அண்ணை, ஆஸ்பத்திரி மட்டும் போய் வரலாம். பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்குது. வேகம் எடுக்காதையுங்கோ. கலியாணத்துக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு கொடிகாமம் போற எண்ணம் எண்டால் நான் சம்மதிக்க மாட்டன்." எண்ணிப் பாருங்கள். இது ஒரு முழுமையான தகுதி அறிக்கை. குறை என்ன, எந்த அளவுக்கு ஓட்டலாம், எதற்கு ஓட்டக் கூடாது என்ற மூன்றும் இதில் உண்டு. முத்திரை மட்டும் இல்லை. அந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்தது, ஏனெனில் அவர் "மாட்டன்" என்றும் சொல்லக்கூடியவர். சொன்னால் கேட்பவர் கோபித்துக்கொண்டு அடுத்த ஊர்க் கராஜுக்குப் போவதில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, நடந்தவர்களோடும் சைக்கிள்களோடும் இந்தப் பழைய கார்களும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் ஊர்ந்தன. அந்த நெரிசலில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் வருபவர் அனைவருக்கும் அது தடை. அன்று வயோதிபரையும் நோயாளரையும் சுமந்த வண்டிகளில் எத்தனையோ முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஊர் மெக்கானிக்குகளின் கையால் உயிர் பிழைத்தவை.

இதைச் சொல்லும்போது அக்காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. பிரேக் தேய்ந்த வண்டியில், காபரேற்றரின் அருகே பெற்றோல் போத்தலோடு ஓடிய காலத்தைப் பாதுகாப்பான காலம் என்று எவரும் சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் "ஓடுமா" என்ற கேள்வி "ஓடலாமா" என்பதை விழுங்கிய காலம் அது. பாதைகள் குண்டும் குழியுமாக இருந்தமையும், வேகமாக ஓட எரிபொருள் இல்லாமையுமே பல விபத்துகளைத் தடுத்திருக்க வேண்டும்.

பாதை திறந்த பின்

2002 ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ 9 பாதை யாழ்ப்பாணம் வரை பொதுமக்களுக்குத் திறந்தபோது தெற்கின் வண்டிகளும் உதிரிப்பாகங்களும் வந்தன. 2006 ஓகஸ்ட் 11 இல் பாதை மீண்டும் மூடியது. போர் முடிந்த பின் நிரந்தரமாகத் திறந்தது. 2011 ஜனவரி 16 இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட, கேரதீவிலிருந்து பாதையில் ஏறி நீரேரியைக் கடந்த காலம் முடிந்தது. நாட்டில் 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டம் வடக்கிற்கும் விரிந்தது. தவணைக் கடனில் புதிய வண்டிகள் குவிந்தன. கொழும்புக்கு இரவு பஸ்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. பாசையூர்ச் சந்தையில் ஏற்றும் மீனும் நண்டும் இன்று குளிரூட்டிய லொறிகளில் தெற்கே போகின்றன.

இங்கேதான் கவலைக்கிடமான மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் வார்த்தை இருந்தது, தாள் இல்லை. இப்போது தாள் இருக்கிறது, வார்த்தை தேய்கிறது. சான்றிதழ் பெறுவது வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் போகும் வழியில் ஒரு படி என்றாகிவிட்டது. வண்டி உரிமையாளர் கராஜ்காரரிடம் வாடிக்கையாளராக வருகிறார், பணமும் கொடுக்கிறார். மறுத்தால் அந்த வாடிக்கை போய்விடும். மறுக்காமல் கையெழுத்திட்டால் அதைக் கண்டுபிடிப்பதற்கு அடுத்த நாளே ஒருவர் வரப்போவதில்லை. விபத்து நடந்தால் மட்டுமே மோட்டார் வாகனப் பரிசோதகர் வருவார். அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். இறந்தவர் அதை வாசிப்பதில்லை.

பிற நாடுகள் கண்ட வழி

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் 1960 இல் எம்.ஓ.ரி. தொடங்கியபோது பத்து ஆண்டு கடந்த வண்டிகளையே பார்த்தார்கள். பிரேக், விளக்கு, ஸ்ரியறிங் ஆகிய மூன்றுமே முக்கியம். தேறாத வண்டிகள் அதிகமாக இருந்தமையால் வயதெல்லை விரைவிலேயே ஏழு ஆண்டுகளாகவும், 1967 இல் மூன்று ஆண்டுகளாகவும் குறைக்கப்பட்டது. அங்கும் பரிசோதிப்பது ஊர்க் கராஜ்தான். அதே கராஜ் பழுதையும் பார்க்கலாம். இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பறிப்பார்களோ என்ற ஐயம் அங்கே உண்டு. அதனால் பரிசோதனை மட்டும் செய்து பழுது பார்க்காத உள்ளூராட்சி நிலையங்களைத் தேடிப் போவோரும் இருக்கிறார்கள்.

ஜேர்மனியர் வேறு வழியில் வந்தவர்கள். 1865 இல் மன்ஹைம் நகரின் மதுவடிசாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அதன் எதிரொலியாக அடுத்த ஆண்டு கொதிகலன்களைப் பரிசோதிக்கும் சங்கம் ஒன்று அங்கே பிறந்தது. அத்தகைய சங்கங்களின் வழித்தோன்றலே இன்றைய தூஃப். அதன் அடிப்படை, பரிசோதிப்பவர் வேறு, பழுது பார்ப்பவர் வேறு என்பது. குறையைக் கண்டுபிடிப்பதாலோ மறைப்பதாலோ பரிசோதகருக்கு இலாபம் இல்லை.

நெதர்லாந்தில் 1985 முதல் நடைமுறையில் உள்ள முறை எமக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கும் கராஜ்களே பரிசோதிக்கின்றன. ஆனால் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று வண்டிகளை, எது என்று முன்கூட்டித் தெரியாதபடி, அரச பரிசோதகர் மீண்டும் பார்க்கிறார். தவறாகக் கையெழுத்திட்ட கராஜ் தன் அனுமதியை இழக்கக் கூடும். எல்லா வண்டியையும் அரசு பார்க்க வேண்டியதில்லை. எந்த வண்டியையும் பார்க்கலாம் என்ற அச்சம் இருந்தால் போதும். கலப்பத்துப் பார்த்தவருக்கு அயலவர் முகம் எந்தக் காவலாக இருந்ததோ, அதே காவலை ஒரு பெரிய நாட்டில் எண்ணிக்கையால் உருவாக்கியிருக்கிறார்கள்.

சமதரையில் தெரியாத குறை

யாழ்ப்பாணத்துக்கு இது ஏன் அவசரமானது? எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. சமதரையில் ஓடும் வண்டியின் பிரேக்குக்குக் கடுமையான சோதனையே வருவதில்லை. அரைகுறைப் பிரேக்கோடு ஒருவர் ஊருக்குள் ஆண்டுக்கணக்கில் ஓடலாம். ஆனால் அவர் பெறும் தகுதிச் சான்றிதழ் இலங்கை முழுவதற்கும் செல்லும். அதே வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு கதிர்காமத்துக்கும் நுவரெலியாவுக்கும் போகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம் கொதிக்கும், லைனிங் பிடிமானத்தை இழக்கும், பிரேக் எண்ணெயில் நீர் கலந்திருந்தால் அது கொதித்து ஆவியாகும். மிதிகட்டை அடிவரை போகும், வண்டி நிற்காது.

இரண்டாவது, வேகம். ஏ 9 பாதை காப்பெற் பாதையாகிவிட்டது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் தாங்க வேண்டிய சுமை நான்கு மடங்காகும் என்பது பாடசாலையில் படித்த பௌதிகம். மூன்றாவது, உப்பு. கொழும்புத்துறை, பாசையூர் போன்ற கரையோரங்களில் காற்றிலும் உப்பு, மீன் லொறியிலிருந்து வடியும் நீரிலும் உப்பு. மேலே பளபளக்கும் வண்டியின் அடிச்சட்டம் கீழே துருவால் உளுத்திருக்கும். கிடங்கில் இறங்கிப் பார்க்காமல் எழுதும் சான்றிதழில் இது தெரியவே தெரியாது.

2025 மே 11 ஆம் திகதி கொத்மலை, கரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் வீழ்ந்து 10 பேருக்கு மேல் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணங்கள் பல இருக்கும், விசாரிப்பது உரியவர்களின் வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நாடு முழுவதும் வாகனத் தகுதியைப் பற்றிப் பேசிவிட்டு மறந்துபோகிறது.

கராஜைத் தேடுவது எப்படி?

ஊரில் வண்டி வைத்திருப்போரும், வாடகைக்கு அமர்த்துவோரும் செய்யக்கூடியது உண்டு. முதலில், கராஜ் திணைக்களத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். அடுத்து, அவர் வண்டியை என்ன செய்கிறார் என்று நின்று கவனியுங்கள். கீழே இறங்கிப் பார்க்கிறாரா? சில்லைத் தூக்கி அசைத்துப் பார்க்கிறாரா? ஸ்ரியறிங்கில் தளர்ச்சி எவ்வளவு என்று கவனிக்கிறாரா? தானே ஓட்டிச் சென்று சடுதியாகப் பிரேக் பிடித்து வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறாரா? மேசையில் இருந்தபடியே தாளை நிரப்புபவரிடம் பெறும் சான்றிதழ் பொலிஸாருக்குக் காட்ட உதவும், இறக்கத்தில் உதவாது.

இறுதியாக, அயலில் விசாரியுங்கள்: இந்தக் கராஜ்காரர் இதுவரை யாருக்காவது "இந்த வண்டிக்கு எழுத மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அவரிடமே போங்கள். அவருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்திருப்பார், நாம் அந்த இடத்தை நிரப்புவோம். மறுப்பவருக்கு வேலை கிடைத்தால்தான் மறுக்கும் வழக்கம் நிலைக்கும். அதிகாரிகள் தம் பங்குக்குச் சான்றிதழ் பெற்ற வண்டிகளில் சிலவற்றையேனும் முன்னறிவித்தலின்றி மீளப் பரிசோதிக்கும் ஒழுங்கைக் கொண்டுவரட்டும்.

புலம்பெயர் உறவுகளுக்கு ஒரு சொல். அடுத்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது, மலைநாட்டுப் பயணத்துக்கு வான் பேசும்போது, "எந்தக் கராஜில் கடைசியாகப் பார்த்தனீங்கள்? பிரேக் லைனிங் எப்ப மாத்தினது?" என்று கேளுங்கள். சாரதித் தம்பி முதலில் வியப்போடு பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் கேட்பதற்கு முன்பே அவர் பதிலைத் தயாராக வைத்திருப்பார். அந்தப் பதிலுக்காக அவர் ஒரு முறையாவது கராஜுக்குப் போயிருப்பார். பெற்றோல் துளித் துளியாகக் கிடைத்த நாள்களில் எங்கள் மெக்கானிக்குகள் காப்பாற்றித் தந்த வார்த்தையின் மதிப்பை, எல்லாம் தாராளமாகக் கிடைக்கும் இந்நாளில் நாம் விலைக்கு விட்டுவிடக் கூடாது.